பாப்பாவின் தொப்புள்கொடி ரத்தம் மாமனுக்கு உதவுமா?

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கமுங்க. சின்னண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய். பெரியண்ணன் அணுக்கள் முழுசாகப் பொருந்தி, அடுத்த மாதம் கோவையில் மஜ்ஜை மாற்று. எனக்கு இது ஒன்பதாம் மாதம். பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்தால், அதிலுள்ள 'டி-ரெக்' அணுக்கள் அண்ணனைக் காப்பாற்றும் என்று கம்பெனிக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து சொன்னார். வளையலை அடகு வைத்துக் கட்டிவிடலாமுங்களா?

பதில்: வேண்டாம், அம்மிணி. வந்தவர் சொன்ன அறிவியல் பொய்யில்லை. அதை உங்கள் அண்ணனோடு முடிச்சுப் போட்டதுதான் தவறு.

தானமாக வரும் மஜ்ஜையோடு சண்டை போடும் அணுக்களும் வரும். புது உடம்பை அயலாக நினைத்துத் தோல், குடல், கல்லீரலைத் தாக்கும். இதுதான் ஜி.வி.ஹெச்.டி. காங்கேயம் பக்கத்து நோயாளி ஒருவர் என்னிடம் உள்ளங்கையை விரித்து, "மொளகா அரைச்ச கையாட்டம் எரியுதுங்க" என்றார். கை செக்கச் சிவந்திருந்தது. பலருக்கு அப்படித்தான் தொடங்கும். இந்தத் தாக்குதலை அடக்குபவை டி-ரெக் அணுக்கள். 2025 மருத்துவ நோபல் பரிசு இவை பற்றிய கண்டுபிடிப்புகளுக்குத்தான்.

பெரியவர்கள் ரத்தத்தில் டி-ரெக்கைப் பிரித்தால், அதே சாயலில் சண்டைக்குப் பழகிய அணுக்களும் ஒட்டிக்கொண்டு வரும். பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஒரு கொடியில் கிடைப்பது 100 மில்லிக்கு முன்பின். அதில் டி-ரெக் மிகச் சொற்பம். அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் அவற்றைச் சுமார் 18 நாள் வளர்த்துப் பெருக்கி, 23 பேருக்குச் செலுத்தினார்கள். 2011-இல் வந்த முடிவின்படி, டி-ரெக் பெறாதவர்களில் 61 சதவீதம் பேருக்கு வந்த ஜி.வி.ஹெச்.டி., பெற்றவர்களில் 43 சதவீதமாக இருந்தது. எனக்கும் இதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் அவர்கள் கொடி ரத்தத்தாலேயே மாற்று செய்துகொண்டவர்கள்; ஒப்பிட்டதும் முன்பு சிகிச்சை பெற்றவர்களோடு. அண்ணனுக்கு நடப்பது வேறு. ஆய்வுத் திட்டத்துக்கு வெளியே இது மருந்தாகக் கிடைப்பதில்லை. உறைய வைத்த பை பையாகவே இருக்கும்.

மருத்துவக் காரணமில்லாமல் தனியார் வங்கியில் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் பரிந்துரைப்பதில்லை. உங்கள் மூத்த குழந்தைக்குத் தலசீமியா மாதிரி பரம்பரை ரத்த நோய் இருந்தால் நானே சேமிக்கச் சொல்லியிருப்பேன். இப்போது அந்த ரத்தம் பாப்பாவுக்கே போகட்டும். ஒரு நிமிடமாவது பொறுத்துக் கொடியை வெட்டச் சொல்லுங்கள், இரும்புச்சத்து சேரும்.

கையில் பணம் இருந்தால், முதல் 100 நாளுக்கு ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ஓர் அறை வாடகைக்குப் பிடியுங்கள். கோபியிலிருந்து நடு ராத்திரியில் கிளம்பி வருவது லேசில்லை. உள்ளங்கைச் சிவப்பு, தண்ணீராகப் பேதி, கண்ணில் மஞ்சள் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். இந்தத் தாக்குதலை அடக்கத் தரும் சைக்ளோஸ்போரின் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில் மட்டும் காலை மாத்திரையை வீட்டிலேயே விழுங்கிவிடாமல் சட்டைப்பையில் கொண்டு வரட்டும். ரத்தம் எடுத்த பிறகுதான் போட வேண்டும். நிறையப் பேர் தவறுவது இங்கேதான்.