அவன் சொன்னால் கேட்கிறான், நான் சொன்னால் கேட்பதில்லை

அன்புள்ள மேடம்,

என் மகனுக்கு 23 வயது. கொஞ்சம் மெதுவான பிள்ளை, ஆனால் சொல்லிக்கொடுத்தால் செய்துவிடுவான். இப்போது ஒரு தொழிற்பயிற்சி மையத்துக்குப் போகிறான். அங்கே 'பியர் மென்டர்' என்று, கூட இருந்து வழிகாட்ட ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். படித்த ஆள் யாராவது வருவார் என்று நினைத்தேன். வந்த பையனுக்கே டவுன் சிண்ட்ரோம். பயிற்சி முடித்தவனாம், வேறொரு இடத்தில் வேலையும் பார்க்கிறானாம். அவனைவிட என் மகன் தெளிவாகப் பேசுவான். இவனுக்கு அவன் என்னத்தைக் கற்றுக்கொடுப்பான்?

இப்போது எல்லாவற்றுக்கும் அவன் பேச்சுதான். தனியாக பஸ்ஸில் போகிறேன் என்கிறான். இத்தனை வருடம் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் நான். சட்டை எடுத்து வைத்தால் 'நானே எடுத்துக்கிறேன்' என்கிறான். ராத்திரி வெகுநேரம் ஃபோனில் சிரிப்பு. என்னடா பேச்சு என்றால் 'அது எங்க விஷயம்மா' என்று பதில். என்னிடம் இப்படிப் பேசவே மாட்டான். அந்தப் பையன் முன்பின் தெரியாதவர்களிடம்கூட 'எனக்கு டவுன் சிண்ட்ரோம், மெதுவாச் சொல்லுங்க' என்பான். கேட்கவே கூச்சமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இவனும் ஒரு நாள் 'எனக்கு இருக்கிறதுக்கு என்ன பேரும்மா?' என்றான். சாப்பிட வா என்று பேச்சை மாற்றிவிட்டேன். அது போகட்டும். பஸ் விஷயத்தைத்தான் தாங்க முடியவில்லை. வழியில் ஏதாவது ஆனால் அந்தப் பையனா வந்து நிற்பான்? பெற்றவளைவிட அவன் பெரிதா? பேசாமல் இந்த ஏற்பாட்டை நிறுத்திவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத தாய்

அன்புள்ள அம்மா,

பஸ், சட்டை, ஃபோன் என்று அடுக்கிக்கொண்டே வந்து, நடுவில் ஒன்றை மட்டும் 'அது போகட்டும்' என்று தள்ளிவிட்டீர்கள். எனக்கு அதை விட மனமில்லை.

உங்கள் கடிதத்தில் அந்தப் பையனுக்கு என்ன என்பது இரண்டு இடத்தில் வருகிறது. உங்கள் மகனுக்கு என்ன என்பது ஓரிடத்திலும் இல்லை. வீட்டிலும் அந்தப் பெயர் புழங்கியிருக்காது என்று நினைக்கிறேன். பிள்ளை மனம் நோகக் கூடாது என்றுதான் மறைத்திருப்பீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் மற்றப் பிள்ளைகள் போகாத இடங்களுக்குத் தான் போவதையும், தன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவதையும் அவன் எப்போதோ கவனித்திருப்பான். வாய்விட்டுச் சொல்ல முடியாத அளவுக்குக் கேவலமான ஏதோ ஒன்று தன்னிடம் இருக்கிறது என்றுதான் அந்த மௌனம் அவனுக்குப் புரிந்திருக்கும்.

அந்தப் பையன் என்ன கற்றுக்கொடுப்பான் என்று கேட்கிறீர்கள். நீங்களும் நானும் எவ்வளவு படித்தாலும் கொடுக்க முடியாததைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். தன் குறைபாட்டைச் சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் வேலைக்குக் கிளம்புகிற ஒருவனை உங்கள் மகன் கண்ணெதிரே பார்க்கிறான். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 26ஆம் பிரிவு, சொந்தக் காலில் நிற்பதற்கான வழிகளில், அதே நிலையில் இருக்கும் சகாக்களின் துணையையும் சேர்த்திருப்பது இதனால்தான். அதற்கும் முன்பே, 1974இல், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் தாங்களே கூடித் தங்கள் இயக்கத்துக்கு 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். முதலில் நாங்கள் மனிதர்கள் என்றார்கள். குறைபாட்டை ஒளித்துவிட்டு அவர்கள் அங்கே வந்து சேரவில்லை.

இன்னொன்று, கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். 'அவனைவிட என் மகன் தெளிவாகப் பேசுவான்' என்று அளந்தீர்களே, உலகம் உங்கள் மகனை ஒதுக்கியதும் இதே கணக்கில்தான். கூச்சமும் உங்களுடையதுதான். அந்தப் பையன் தனக்கு என்ன உதவி வேண்டும் என்பதை எதிரில் இருப்பவருக்குப் புரியவைத்தான், அவ்வளவே. பஸ் பயத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. 'மெதுவாச் சொல்லுங்க' என்று கேட்கத் தெரிந்தவன் நிறுத்தம் தவறினாலும் யாரையாவது கேட்டு வந்து சேர்வான். தனக்கு என்ன என்றே தெரியாதவன் என்னவென்று கேட்பான்?

அதனால் அவன் மறுபடி கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த பெயரையே சொல்லுங்கள். அதனால் அவனுக்கு எது கடினம், எது நன்றாக வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், கூட உட்காருங்கள். ஒருவேளை, 'இவ்வளவுதானா' என்று எழுந்து போய்விடவும் கூடும்.

ஏற்பாட்டை நிறுத்தலாமா என்பது அவன் முடிவு. 23 வயது ஆகிறது. பஸ் பழகுவதை, கொஞ்ச தூரம் கூடப் போய் பிறகு விலகுவது என்று படிப்படியாகச் செய்யச் சொல்லுங்கள். 'எங்க விஷயம்' என்றதில் தவறில்லை. பேசுவதை வெளியே சொல்லாமலிருப்பது இத்தகைய உறவில் இருக்க வேண்டியதுதான், ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அந்தப் பையன் மையத்தின் பொறுப்பாளரிடம் சொல்லியாக வேண்டும். ராத்திரி ஃபோன் பற்றிய குறை நியாயம். நேர வரம்பு வைக்கும்படி பொறுப்பாளரிடம் கேளுங்கள். அந்தப் பேச்சில் உங்கள் மகனும் உட்கார்ந்திருக்கட்டும்.