மரத்துப்போகும் ஊசி: மருத்துவர்களின் கேள்விகளும் மயக்கவியல் மருத்துவரின் பதில்களும்

பயிற்சி மருத்துவர்: தையல் போடும்போது இடத்தை மரத்துப்போகச் செய்யும் 2 சதவீத லிக்னோகெயினை எத்தனை மில்லி வரை செலுத்தலாம்?

மில்லியில் கேட்பதிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. வரம்பு எடைக்கேற்ற மில்லிகிராமில்தான் இருக்கிறது. 1 சதவீதம் என்றால் மில்லிக்கு 10 மி.கி., 2 சதவீதம் என்றால் 20. இரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலின் சேராத லிக்னோகெயினுக்குக் கிலோவுக்கு 3 மி.கி. என்ற எச்சரிக்கையான வரம்பையே நான் பின்பற்றுகிறேன், 4.5 வரை அனுமதிக்கும் நூல்களும் உண்டு. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு 150 மி.கி., அதாவது ஏழரை மில்லி மட்டுமே. உங்கள் மேசையிலுள்ள 30 மில்லி குப்பியிலோ 600 மி.கி. இருக்கிறது.

நானும் பயிற்சிக் காலத்தில் ஒரு முன்கைக் காயத்துக்கு, வலிக்கிறது என்று நோயாளி சொல்லச் சொல்ல, பத்து மில்லி சிரிஞ்சை இரண்டாம் முறையும் நிரப்பியவன்தான். கடைசித் தையலின்போது அவர், "உதடெல்லாம் மதமதன்னு இருக்கு சார், காதுல இரையுது" என்றார். கையில் போட்ட ஊசிக்கு உதடு ஏன் மரக்கிறது என்பது எனக்கு உறைக்கவே ஒரு நிமிடம் ஆனது: அளவு மீறிய மருந்து இரத்தத்தில் ஏறி நச்சாகத் தொடங்கியதன் அறிகுறி அது. நல்லவேளை, வலிப்பு வரை போகவில்லை. காயம் பெரிதாக இருந்தால் மருந்தைச் சலைனில் கலந்து 1 சதவீதமாக்குங்கள்; அதே மில்லிகிராம் இருமடங்கு பரப்புக்கு வரும்.

செவிலியர்: தோலில் டெஸ்ட் டோஸ் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் பயமில்லைதானே?

டெஸ்ட் டோஸ் ஒவ்வாமையைத் தேடுவது. நச்சுத்தன்மையோ அளவு மீறுவதாலும் இரத்தக் குழாய்க்குள் ஊசி இறங்குவதாலும் வருவது. ஆகவே ஒவ்வொரு முறையும் பிஸ்டனைப் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்த்து, சிறிது சிறிதாகச் செலுத்தி, நோயாளியிடம் பேச்சுக் கொடுத்தபடியே இருப்பதுதான் பாதுகாப்பு.

பல் மருத்துவர்: ஊசி போட்டதும் படபடப்பு வந்தவருக்கு "லிக்னோகெயின் ஒவ்வாமை" என்று எழுதிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் அது அட்ரினலினின் வேலை, அல்லது பயம். லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. உங்கள் துறையில் நான் அஞ்சுவது குழந்தைகளைத்தான்: பன்னிரண்டு கிலோ குழந்தைக்கு, மேற்சொன்ன 3 மி.கி. கணக்கில், 2 சதவீத மருந்து அடைத்த 1.8 மில்லி கார்ட்ரிட்ஜ் (பல் ஊசிக் குழல்) ஒன்றிலேயே வரம்பு முடிந்துவிடுகிறது. அட்ரினலின் சேர்ந்தால் வரம்பு உயரும் என்றாலும், ஈறில் தடவும் ஜெல்லையும் ஸ்பிரேயையும் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும்.

அறுவை மருத்துவர்: எங்களுடையது சிறிய மருத்துவமனை. இன்னொரு மரப்பு மருந்தான புபிவகெயின் கொடுத்தவருக்கு இதயம் நின்றால் முதலில் என்ன செய்வது?

ஊசியை நிறுத்தி, உதவிக்கு ஆள் அழைத்து, நூறு சதவீத ஆக்சிஜனுடன் மூச்சுப்பாதையைக் காத்து, நெஞ்சழுத்தத்தை உடனே தொடங்குங்கள். ஆக்சிஜன் குறைவும் இரத்தத்தில் அமிலம் கூடுவதும் நச்சை மோசமாக்கும். வலிப்பு இருந்தால் மிடசோலம். அடுத்தது, சிரையில் ஏற்றும் 20 சதவீத கொழுப்புக் கரைசல்: கிலோவுக்கு 1.5 மில்லி உடனடியாக, பின்னர் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மில்லி, மொத்தம் கிலோவுக்கு 12 மில்லியைத் தாண்டாமல். 1998இல் எலிகளில் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வைன்பெர்க்கின் குழுவினர் காட்டிய இந்த வழி, 2006இல் மனிதருக்குப் பலித்ததாகப் பதிவானது. அட்ரினலினை வழக்கமான 1 மி.கி.யாகக் கொடுக்காமல், கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்குள் வையுங்கள். இதயத்துடிப்புக் கோளாறுக்கு லிக்னோகெயின் கூடாது. நச்சுக்கு மேல் நச்சாகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நெஞ்சழுத்தம் தேவைப்படலாம்; கைவிட்டுவிடாதீர்கள்.

அதே மருத்துவர்: மயக்க மருந்தான புரோபோஃபோலும் வெள்ளைக் கொழுப்புக் கரைசல்தானே, அதைக் கொடுத்தால் ஆகாதா?

ஆகாது. அதில் கொழுப்பு 10 சதவீதம்தான். தேவையான அளவு கொழுப்பு சேர்வதற்குள், அதிலுள்ள மயக்க மருந்தே தளர்ந்த இதயத்தை இன்னும் தளர்த்திவிடும். கரைசல் பாட்டில் மருந்துக் கிடங்கின் பூட்டுக்குள் அல்லாமல், ஊசி போடும் அறையிலேயே, எடைவாரியான அளவு எழுதிய அட்டையோடு இருக்கட்டும்.