ஐந்து வாரமாக ஒழுகும் மூக்கு: பையனை நிறுத்தச் சொல்லவா?

கேள்வி: கோயம்புத்தூரில் என் வீட்டிலேயே ஐந்து குழந்தைகளைப் பகல் நேரத்தில் பார்த்துக்கொள்கிறேன். இளையவளுக்குப் பத்து மாதம், மூத்தவனுக்கு நான்கு வயது. ஜூன் மாதம் வந்து சேர்ந்த இரண்டரை வயதுப் பையன் ஒருவனுக்கு ஐந்து வாரமாக மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. காய்ச்சல் இல்லை. சாப்பிடுகிறான், விளையாடுகிறான். ஆனால் இன்னொரு குழந்தையின் அம்மா, "அவனால்தான் என் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது, மூக்கு காயும்வரை அவனை வரவிடாதீர்கள்" என்று தினமும் வாசலில் நின்று சண்டை போடுகிறார். பையனின் அம்மாவுக்கு அலுவலகத்தில் விடுப்பே மிச்சமில்லை. ஒரு சளி மருந்துப் பாட்டிலைக் கொடுத்து, மதியம் ஐந்து மில்லி ஊற்றச் சொல்லியிருக்கிறார். அவன் பாட்டியோ, "வளர்கிற பிள்ளைக்கு மூக்கு ஒழுகத்தான் செய்யும்" என்கிறார். நான் காலையில் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுகிறேன், எல்லார் மூக்கையும் உடனுக்குடன் துடைத்துவிடுகிறேன். அவனை நிறுத்தச் சொல்லவா? நிறுத்தினால் அந்த நாட்களுக்குக் கட்டணம் வாங்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் அவன் அம்மாவை இந்த வாரமே ஒரு குழந்தை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டும் முரண்பாடாகத் தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள்.

சளிக் கிருமி பெரும்பாலும் மூக்கு ஒழுகத் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவ ஆரம்பித்துவிடுகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் அது உச்சத்தில் இருக்கும். பிறகும் சில நாட்கள், சிலருக்கு இரண்டு மூன்று வாரங்கள்கூட, கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும் என்றாலும் வேகம் குறைந்துவிடும். நீங்கள் மூக்கைப் பார்த்து "இவனுக்குச் சளி" என்று முடிவு செய்யும் நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து அதே பொம்மையைக் கடித்த குழந்தைக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். மூக்கு காயும்வரை வீட்டில் வைத்திருப்பது அந்தப் பையனுக்குத் தண்டனையாகும், மற்றக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பாகாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி காப்பகங்களுக்கென்றே வகுத்திருக்கும் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: வெறும் மூக்கொழுகலுக்காக, சளி பச்சையாக இருந்தால்கூட, குழந்தையைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை.

பச்சைச் சளியைக் கண்டு பயப்படுகிறவர்கள் நம் ஊரில் அதிகம். முதலில் தண்ணீராக ஒழுகும். மூன்றாம் நாள் வாக்கில் கெட்டியாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். பிறகு இளகிக் காயும். கிருமியோடு சண்டையிடும் வெள்ளையணுக்களில் உள்ள ஒரு நொதிக்கே பச்சை நிறம் உண்டு. அதனால் நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் கேட்பதும் கொடுப்பதும் தவறு.

இனி அந்த ஐந்து வாரத்துக்கு வருவோம். ஒரு சாதாரணச் சளி பத்து நாட்களில் அடங்கும், சிறு குழந்தைகளில் இரண்டு வாரம்வரை இழுக்கலாம். ஐந்து வாரம் இழுக்காது. அப்படியென்றால் அவனுக்கு வந்தது ஒரே சளிதானா, அல்லது ஒன்று முடிவதற்குள் இன்னொன்று தொற்றிக்கொண்டதா? இதுதான் முதல் கேள்வி. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டுச் சளி வருவது இயல்பு. காப்பகத்தில் முதல் ஆண்டு இருக்கும் குழந்தைக்குப் பத்துப் பன்னிரண்டுகூட வரலாம். சளி உண்டாக்கும் ரைனோவைரஸ்களில் மட்டும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு இன்னொன்றைப் பெரிதாகத் தடுப்பதில்லை. ஜூனில் சேர்ந்த குழந்தை என்கிறீர்கள். அதுவரை வீட்டில் பாட்டியோடு மட்டும் இருந்தவன், இப்போது நான்கு குழந்தைகளின் கிருமிகளையும் ஒவ்வொன்றாகச் சந்தித்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பாட்டி சொன்னதில் பாதி உண்மை.

மீதிப் பாதிக்காகத்தான் மருத்துவர். அவரிடம் போவதற்கு முன் நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். பகல் முழுக்க அவனோடு இருப்பவர் நீங்கள்தான். பெற்றோருக்கும் மருத்துவருக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரியும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள்: இன்று ஒழுகியதா, தண்ணீரா கெட்டியா, ஒரு பக்க மூக்கா இரண்டு பக்கமா, தும்மினானா, மதியம் தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டு மூச்சு விட்டானா, குறட்டை விட்டானா. நடுவில் நான்கைந்து நாட்கள் மூக்கு காய்ந்து, பிறகு லேசான உடல் சூட்டோடு மறுபடி தொடங்கியிருந்தால் அவை தனித்தனிச் சளிகள். கவலை வேண்டாம்.

இடைவெளியே இல்லாமல், தண்ணீராகவே ஒழுகி, காலையில் அடுக்கடுக்காகத் தும்மி, உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். இரண்டு வயதுக்குக் கீழே அது அரிது. இவன் வயதில் நடக்கக்கூடியதுதான். இரவும் பகலும் வாயால் மூச்சு, சத்தமான குறட்டை என்றால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். பத்து நாளுக்கு மேல் சற்றும் குறையாமல் இருந்தாலோ, குறைந்து வந்த சளி காய்ச்சலோடு திடீரென்று மோசமானாலோ, மூன்று நாட்கள் விடாமல் 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் கெட்டிச் சளியும் சேர்ந்து இருந்தாலோ சைனஸில் பாக்டீரியா தொற்று சேர்ந்திருக்கலாம். ஆன்டிபயாடிக்குக்கு அங்கேதான் வேலை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் வீடுகளில் தவறவிடுகிறார்கள். ஒரு பக்க மூக்கு மட்டும் ஒழுகி, நாற்றமும் அடித்தால், உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். புளியங்கொட்டை, பட்டாணி, பாசிமணி, தலையணைப் பஞ்சு, பென்சில் ரப்பர்… இரண்டரை வயதுக்காரன் எதையும் செருகுவான், செருகியதை மறந்தும்விடுவான். ஹேர்பின்னோ காதுக்குச்சியோ கொண்டு நோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போகும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். செருகியது வாட்ச் பேட்டரி என்று சந்தேகம் வந்தால் சாயங்காலம்வரை காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்திலேயே அது மூக்கின் நடுச்சுவரை அரித்துவிடும்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். எல்லார் மூக்கையும் உடனுக்குடன் துடைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எதைக்கொண்டு என்று எழுதவில்லை. தோளில் கிடக்கும் ஒரே துண்டு, அல்லது அவசரத்துக்கு முந்தானை என்றால், ஐந்து குழந்தைகளுக்கும் சளியைப் பங்கிட்டுக் கொடுப்பவன் அந்தப் பையன் அல்ல. இந்தக் கிருமி கையிலும் துணியிலும் மேசையிலும் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். அந்தக் கையால் குழந்தை கண்ணைக் கசக்கினால் போதும். பழைய பருத்தி வேட்டியோ சேலையோ இருந்தால் கைக்குட்டை அளவுக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக்கட்டு, அடையாளத்துக்கு வேறுவேறு நிற நூல். ஒருமுறை துடைத்த துணி மூடியுள்ள வாளிக்குள் போய்விட வேண்டும். மாலையில் சோப்புப் போட்டு வெந்நீரில் அலசி வெயிலில் காயவையுங்கள். டிஷ்யூ காகிதம் வாங்க வசதியிருந்தால் இன்னும் எளிது. துடைத்ததும் உங்கள் கையைச் சோப்புப் போட்டு இருபது விநாடி கழுவுங்கள். ஐந்து குழந்தைகளோடு ஒவ்வொரு முறையும் அது நடக்காது, எனக்கும் தெரியும். குறைந்தது பத்து மாதக் குழந்தையைத் தூக்குவதற்கு முன்பும், சோறு ஊட்டுவதற்கு முன்பும் தவறவிடாதீர்கள். தண்ணீர் டம்ளரும் தலையணையும் தனித்தனியாக இருக்கட்டும். வாயில் போகும் பொம்மைகளை அன்றன்றே கழுவுங்கள்.

சாம்பிராணியை நிறுத்திவிடுங்கள். மணமாக இருக்கும், வீடு சுத்தமானது போல ஒரு திருப்தியும் கிடைக்கும், ஆனால் புகை புகைதான். ஏற்கெனவே வீங்கிச் சிவந்திருக்கும் மூக்கின் உட்தோலை அது இன்னும் எரிச்சலூட்டும். ஒவ்வாமைக் குழந்தையாக இருந்தால் ஐந்து வார ஒழுகலுக்கு அதுவேகூடக் காரணமாகலாம். ஊதுவத்தி, கொசுவத்திச் சுருளுக்கும் இதே பேச்சுத்தான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், செலவில்லாத வைத்தியம்.

அந்த மருந்துப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதில் தயங்கவே வேண்டாம். சிறு குழந்தைகளின் சளி நாட்களை எந்த சிரப்பும் குறைப்பதில்லை. தூக்கம் வரவழைக்கும், அவ்வளவுதான். (தூங்கும் குழந்தை பார்த்துக்கொள்கிறவருக்கு வசதி என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வசதிக்கு ஆசைப்படாதீர்கள்.) குளோர்பெனிரமைன், பினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்த அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதையடுத்து மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது, ஐந்து வயதுவரை பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மாநிலங்களுக்கு எழுதியது. பையனின் அம்மாவிடம் கோபமில்லாமல் இப்படிச் சொல்லுங்கள்: "அவன் பெயரும் அளவும் நேரமும் எழுதிய மருத்துவர் சீட்டு இருந்தால் கட்டாயம் கொடுக்கிறேன் அம்மா. சீட்டு இல்லாமல் யார் பிள்ளைக்கும் நான் எதுவும் ஊற்றுவதில்லை." யார் பிள்ளைக்கும் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண உப்புநீர்ச் சொட்டு போதும். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் முன் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, சளி இளகியதும் மெதுவாகத் துடையுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பாட்டில். துடைத்துத் துடைத்து மூக்கின் கீழே புண்ணாகியிருந்தால் அங்கே வெளியே மட்டும் தேங்காய் எண்ணெய் தடவலாம். மூக்கினுள் எண்ணெய் விடக் கூடாது, அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவாகும். கற்பூரம் கரைத்த எண்ணெயை உங்கள் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். சிறிது விழுங்கினாலும் குழந்தைக்கு வலிப்பு வரும். கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம், வெந்துபோவதுதான் மிச்சம். ஒரு வயது தாண்டியவர்களுக்கு இருமலுக்குக் கொஞ்சம் தேன் கொடுக்கலாம். பத்து மாதக் குழந்தைக்குத் தேன் நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது.

உண்மையில் எனக்குக் கவலை அந்தப் பத்து மாதக் குழந்தையைப் பற்றித்தான். இரண்டரை வயதுக்காரனுக்கு வெறும் மூக்கொழுகலாக இருப்பது அவளுக்கு நெஞ்சில் இறங்கலாம். மூக்கடைப்போடு பால் குடிக்க முடியாமல் விலகி விலகி அழுகிறாளா என்று பாருங்கள். அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40, அந்த எண்ணிக்கையைத் தொட்டாலே மூச்சு வேகம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு குழிந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ பெற்றோர் வரும்வரை காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

எந்தக் குழந்தையையும் அன்றே வீட்டுக்கு அனுப்ப வேண்டிய சூழ்நிலைகள் இவை: மூச்சுத் திணறல், காய்ச்சலோடு சோர்ந்து படுத்துவிடுவது, எதையும் குடிக்க மறுப்பது, காதைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுவது, அல்லது மற்ற நால்வரையும் விட்டுவிட்டு நீங்கள் அவன் ஒருவனையே பார்க்க வேண்டிய நிலை. கடைசிக் காரணத்தைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

சண்டைக்கு வரும் அம்மாவிடம் அந்தப் பையனின் உடல்நிலையைப் பற்றிப் பேசாதீர்கள், அது அவன் வீட்டு விஷயம். நீங்கள் செய்திருக்கும் மாற்றங்களை மட்டும் காட்டுங்கள்: தனித்துணி, கைகழுவல், திறந்த ஜன்னல். அவர் பிள்ளைக்கும் அடுத்த மாதம் மூக்கு ஒழுகும், அன்றும் இதே விதிதான் என்பதை மெல்லச் சொல்லிவையுங்கள். இன்னும் சமாதானமாகாவிட்டால் ஒரு செய்தி: அமெரிக்காவின் டூசான் நகரில் ஒரு பெரிய குழுவைப் பிறப்பிலிருந்து பதின்மூன்று வயதுவரை தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிட்டார்கள். பல குழந்தைகள் இருக்கும் காப்பகத்தில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு வயதில் சளி அதிகமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு வயதிலிருந்து பதினொன்றுவரை, வீட்டிலேயே வளர்ந்தவர்களைவிட அவர்களுக்குக் குறைவாகவே வந்தது. பள்ளியில் படும் அவதியைக் கொஞ்சம் முன்கூட்டியே பட்டுவிடுகிறார்கள். ஐந்து வயதுவரை ஆண்டுக்கொரு முறை இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போடும்படி இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமி பரிந்துரைப்பதையும் எல்லாப் பெற்றோருக்கும் சொல்லிவையுங்கள். சாதாரணச் சளியை அது தடுக்காது, கடுமையான காய்ச்சலைக் குறைக்கும்.

கட்டணம்: நீங்களாகவே வெறும் மூக்கொழுகலுக்கு ஒரு குழந்தையை நிறுத்திவிட்டு அந்த நாட்களுக்குப் பணம் கேட்பது நியாயமில்லை. உடல்நலமில்லாமல் அவர்களே அனுப்பாத நாட்களுக்குக் கேட்கலாம், ஏனென்றால் அவன் இடத்தை நீங்கள் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. உங்களுக்கே காய்ச்சல் வந்து வீட்டை மூடினால் அந்த நாட்களைக் கழித்துவிடுங்கள். இதையெல்லாம் வாய்ப்பேச்சாக விடாமல், திருப்பி அனுப்பும் காரணங்களோடு சேர்த்து ஒரே தாளில் எழுதி எல்லாப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதே தாளின் அடியில், பகலில் அழைத்தால் உடனே வந்து குழந்தையைக் கூட்டிப்போகக்கூடிய இரண்டு பேரின் தொலைபேசி எண்களையும் எழுதச் சொல்லுங்கள். அதில் ஒருவராவது அலுவலகம் போகாதவராக இருக்கட்டும்.