லில்லிக்கு சீனப் பேர் என்ன?

கேள்வி: மகள் சீனாவுக்கு மெடிசின் படிக்கப் போறா. பேர் லில்லி, தகப்பன் பேர் அந்தோனி. ஃபோர்ம்ல சீனப் பேரும் எழுதச் சொல்லியிருக்கு, நெட்ல தேடினா வேற வேறயா வருது. அம்மம்மா பேர் றோஸ், அதையும் சேர்க்கலாமோ?
- ஒரு அம்மா, பாலையூற்று, திருகோணமலை

பதில்: பயப்பிடாதீங்கோ அக்கா, பாஸ்போட் பேர் மாறாது, இது வகுப்பில கூப்பிடுறதுக்குத்தான். அங்க குடும்பப் பேர் முன்னுக்கு வரும், நாங்க தகப்பன்ட இனிஷியல் போடுற மாதிரி. அது பெரும்பாலும் ஒரு எழுத்து (சீனத்தில ஒரு எழுத்து எண்டா அர்த்தமுள்ள ஒரு முழுச் சத்தம்), சொந்தப் பேர் ஒண்டோ ரெண்டோ, மொத்தம் மூண்டுக்குள்ள நிக்கோணும். எங்களுக்கு குடும்பப் பேர் இல்லையே எண்டா, அந்தோனில இருந்து 'அன்' எடுங்கோ, அங்க உண்மையாவே இருக்கிற குடும்பப் பேர், அமைதி எண்டு அர்த்தம்.

நெட்ல வாற 'லிலி' வெறும் சத்தத்துக்கு எழுதினது. 'லி' எண்டு ஒரே மாதிரிக் கேக்கிற எழுத்துகள் கனக்க இருக்கு, மல்லிகைப் பூவின்ட பேர்ல வாறது ஒண்டு, அழகு எண்டது ஒண்டு, பலம் எண்டது இன்னொண்டு, பலம் ஆம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் கூட வைக்கிறது, அதாலதான் வேற வேறயா வருது. பிழையில்ல, ஆனா எனக்கு அது செல்லப் பேர் மாதிரிக் கேக்குது, டொக்டரா வரப்போற பிள்ளையெல்லோ.

நான் எண்டா அர்த்தத்துக்குப் போவன். லில்லிப் பூவுக்கு சீனத்தில 'பைஹ', எழுத்துகளைப் பாத்தா நூறு, சேர்க்கை. நூறு வருசம் ஒற்றுமையா இருங்கோ எண்டு கலியாணத்தில வாழ்த்துற வசனத்திலயும் அதே ரெண்டு எழுத்து வாறதால கலியாண வீட்டிலயும் இந்தப் பூவை வைப்பினம். அன் பைஹ! 1938ல இலக்கியத்துக்கு நோபல் எடுத்த பேர்ள் பக் சீனாவில வளந்தவ, அவட சீனப் பேரும் இந்த மாதிரித்தான், தகப்பன்ட குடும்பப் பேர் சைடன்ஸ்ட்ரிக்கர்ல முதல் சத்தம் 'சை', பேர்ளுக்கு முத்து எண்ட அர்த்தத்தில 'ஜென்ஜு'.

அம்மம்மா பேரை விட்டிடுங்கோ. றோசுக்கு 'மெய்குய்', அதையும் சேத்தா அஞ்சு எழுத்தாப் போயிரும். அதோட மூத்தாக்கள்ட பேரைப் பிள்ளைக்கு வைக்கிறது எங்களுக்குப் பெருமை, அங்க மரியாதைக் குறைவு.

ஃபோர்மை அனுப்ப முதல் சீனம் தெரிஞ்ச ஒராளிட்டக் காட்டுங்கோ, களனி கெம்பஸ்ல சீன மொழி படிப்பிக்கிற கன்பூசியஸ் நிறுவனம் இருக்கு, அங்க கேக்கலாம். எழுத்தையும் தொனியையும் மகள் அவையிட்டயே பழகட்டும், 'மா' எண்டதை ஒரு விதமாச் சொன்னா அம்மா, இன்னொரு விதமாச் சொன்னா குதிரை.