க்ளைம் கூடினால் வேலைச் சந்தை படுத்துவிட்டது என்று அர்த்தமா? கேட்டவர்களுக்குப் பதில்

அமெரிக்காவில் வேலை போனவர்கள் அவரவர் மாநிலத்தில் அன்எம்ப்ளாய்மென்ட் (வேலையின்மை) காப்பீட்டுப் பணத்துக்கு விண்ணப்பிப்பார்கள். அந்த விண்ணப்பம்தான் க்ளைம், அதன் கணக்கு வியாழன்தோறும் காலை 8.30க்கு வரும். வேலை நிமித்தமாகப் பல வருஷம் அதைப் பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, நான் டெட்ராய்ட் பக்கம். ஜூலை வந்தால் மிச்சிகனில் க்ளைம் எகிறுகிறதே, கார் கம்பெனிகள் ஆட்டம் கண்டுவிட்டனவா?

இல்லை தம்பி. கோடையில் கார் ஆலைகளைச் சில நாள் மூடி அடுத்த மாடலுக்காக லைனை மாற்றுவார்கள், அந்த ஒன்றிரண்டு வாரத்துக்கு ஆட்கள் க்ளைம் போட்டுவிட்டுத் திரும்ப வேலைக்குப் போய்விடுவார்கள். நாடு முழுவதற்கான எண்ணில் இந்த மாதிரி சீசன் ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிடுகிறார்கள், ஆனால் வாராந்தர அறிக்கையில் மாநிலவாரியாக வருவது கழிக்காத பச்சைக் கணக்கு. அதனால் போன வாரத்தோடு ஒப்பிடாதீர்கள், போன வருஷம் இதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். அதிலும் ஒரு சிக்கல்: இந்த வருஷம் ஆலையை ஒரு வாரம் முன்னாலேயே மூடிவிட்டால் அந்த ஒப்பீடும் கோணிக்கொள்ளும். நான் நாலு வாரச் சராசரி போட்டுத்தான் பார்ப்பேன்.

புதிய க்ளைம், தொடர் க்ளைம், இரண்டில் எதைப் பார்ப்பது?

புதியது முதல் தடவை போடுவது, அது ஆட்குறைப்பைச் சொல்லும். தொடர் க்ளைம் அதற்கப்புறமும் வாராவாரம் பணம் கேட்பவர்களின் கணக்கு, அது போன வேலைக்குப் பதில் இன்னொன்று கிடைக்கிறதா என்பதைச் சொல்லும். 2025 கோடையில் புதிய க்ளைம் அடங்கியே இருந்தது, தொடர் க்ளைம் மட்டும் 19 லட்சத்தைத் தாண்டி நின்றது. யாரும் பெரிதாக ஆளை அனுப்பவில்லை, புதிதாக எடுக்கவும் இல்லை.

ஆனால் தொடர் க்ளைம் குறைந்தால் எல்லாருக்கும் வேலை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். பல மாநிலங்களில் 26 வாரம் வரை பணம் தருவார்கள். ஃபுளோரிடாவில் வேலையின்மை குறைவாக உள்ள காலத்தில் 12 வாரம்தான், அதுவும் வாரத்துக்கு அதிகபட்சம் 275 டாலர். பதின்மூன்றாவது வாரம் அந்த ஆள் வேலை கிடைக்காமலேயே கணக்கிலிருந்து காணாமல் போய்விடுவார்.

2025 செப்டம்பரில் டெக்சாஸில் என்னதான் நடந்தது?

செப்டம்பர் 6-ல் முடிந்த வாரத்தில் நாடு முழுக்கப் புதிய க்ளைம் 2 லட்சத்து 63 ஆயிரம், கிட்டத்தட்ட நாலு வருஷத்தில் இல்லாத உச்சம். ஏற்றத்தில் பெரும்பங்கு டெக்சாஸ். எல்லாரும் மந்தம் வந்துவிட்டது என்று கிளம்பினார்கள். போலி ஆசாமிகள் மோசடியாக க்ளைம் போட முயன்றது கூடியிருப்பதாக அந்த மாநிலமே அப்புறம் சொன்னது. அடுத்த வாரமே எண் 2 லட்சத்து 31 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. ஒரே மாநிலம் தனியாகத் துள்ளினால் முதலில் சந்தேகப்படுங்கள்: மோசடியா, புயலா, லீவு வாரமா?

சார், நியூஜெர்சியில் எங்கள் டீமில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள், பெரும்பாலும் எச்1பி விசாக்காரர்கள். நாங்கள் இந்தக் கணக்கில் வருவோமா?

பெரும்பாலும் வரமாட்டீர்கள். பணம் வாங்க, கூப்பிட்டால் உடனே வேலைக்குப் போகச் சட்டப்படி தயாராக இருக்க வேண்டும். எச்1பி அந்தக் கம்பெனியோடு கட்டிப்போட்டது, வேலை போனால் கையில் அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான். அதனால் பொதுவாகத் தகுதி இல்லை என்று திருப்பிவிடுவார்கள், பலர் போடுவதே இல்லை. டீமில் கிரீன் கார்டு வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அவர் தயங்காமல் போடட்டும், அது அவர் பெயரில் கம்பெனி வரி கட்டி வைத்த காப்பீடு. ஊபர் ஓட்டுபவர், சொந்தத் தொழில் செய்பவர் சாதாரண காலத்தில் இதில் சேர்த்தி இல்லை. ஆக, ஐடி ஆட்குறைப்பு ஊரெல்லாம் பேச்சாக இருக்கும், க்ளைம் கணக்கு அசையாது.

அப்படியானால் வேலையின்மை விகிதம் இதிலிருந்து எடுப்பது இல்லையா?

இல்லை. அது மாதம் சுமார் 60,000 வீடுகளில் கேட்டு எடுப்பது. மாநிலம் என்று பிரித்தால் வீடுகள் போதாது, அதனால் மாநில விகிதத்தை மாடல் வைத்துக் கணக்கிடுகிறார்கள், அந்த மாடலுக்குள் க்ளைமும் ஒரு தீனியாகப் போகிறது.

2020 எண்களை நம்பலாமா?

அளவை ஓரளவு நம்பலாம், தேதியை அல்ல. அதற்கு முன் வார உச்சம் 1982 அக்டோபரின் 6 லட்சத்து 95 ஆயிரம். 2020-ல் கொரோனா வந்தபோது ஒரே வாரத்தில் 60 லட்சத்துக்கு மேல். க்ளைம் போடும் இணையதளம் திணறியது, போன் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு ஓட்டல் சமையல்காரர் மார்ச்சில் வேலை இழந்து, ராத்திரி 2 மணிக்கு எழுந்து எழுந்து முயன்று, ஏப்ரல் மூன்றாம் வாரம்தான் க்ளைம் போட்டு முடித்தார். கணக்கில் அவர் ஏப்ரல் ஆள்.