அழைப்பு வந்தால் இணையம் ஏன் நின்றுவிடுகிறது?

கேள்வி: என்னுடையது 4ஜி கைபேசி. ஆனால் அழைப்பு வந்ததும் திரையில் 4ஜி குறி போய் 2ஜி ஆகிவிடுகிறது. பேசி முடிக்கும்வரை இணையம் கிடைப்பதில்லை. அதே சிம்மைத் தம்பியின் கைபேசியில் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. அவன் டேட்டாவை அணைத்துவிட்டுப் பேசினாலும் 4ஜியிலேயே பேச்சு போகிறது. அது எப்படி?

பதில்: உங்கள் கைபேசி பேசுவதற்காக 4ஜியை விட்டு 2ஜிக்கு இறங்குகிறது. அங்கே பேசும்போது பொதுவாக இணையம் ஓடாது. 2ஜியில் பேசி முடியும்வரை இருவருக்கும் ஒரு தடத்தைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு உண்டு. முழுக்க டேட்டாவுக்காகவே கட்டப்பட்ட 4ஜியில் அது கிடையாது. அங்கேயே பேச வேண்டுமானால் குரலும் டேட்டாவாகத்தான் போக வேண்டும். அந்த முறைக்குப் பெயர் வோல்ட்டி (VoLTE). உங்கள் கைபேசியில் அது வேலை செய்யாததால், வலையமைப்பு அதைப் பழைய தலைமுறைக்கு அனுப்பிவிடுகிறது. எண்ணை அழுத்தியபின் மணி அடிக்கத் தாமதமாவதும் இதனால்தான்.

தம்பியின் கைபேசி அவன் பேச்சை 20 மில்லி நொடித் துண்டுகளாக நறுக்குகிறது. நொடிக்கு 50 துண்டுகள். வழக்கமான ஒரு தரத்தில் ஒரு துண்டு 32 பைட் அளவே இருக்கும். அதன்மேல் ஒட்டும் முகவரித் தகவலோ குறைந்தது 40 பைட். கடிதத்தைவிட உறை கனம்! அந்த உறையைச் சில பைட்டுகளாகச் சுருக்கித்தான் வானலையில் அனுப்புகிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு இது.

இந்தத் துண்டுகள் இணைய டேட்டாவோடு முண்டியடிப்பதில்லை. அவற்றுக்கெனத் தனி வழியும், உறுதி செய்யப்பட்ட வேகமும், 100 மில்லி நொடி என்ற தாமத வரம்பும் உண்டு. டேட்டா பொத்தான் அடைப்பது இணைய வழியை மட்டுமே. குரலின் வழி திறந்தே இருக்கும். பொதுவாக உங்கள் டேட்டா அளவிலும் இது கழிவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: அமைப்புகளில் சிம் பகுதிக்குப் போய், வோல்ட்டி அல்லது 4ஜி அழைப்பு என்ற பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் போடுங்கள். பொத்தானே இல்லையென்றால் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். அதன்பிறகும் வரவில்லையென்றால், உங்கள் மாடலுக்கு வோல்ட்டி உண்டா என்று சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். கைபேசியில் வசதி இருந்தும் நிறுவனம் அந்த மாடலை ஏற்காமல் இருப்பதுண்டு.

இதைத் தள்ளிப் போடாதீர்கள். பல நாடுகளில் பழைய தலைமுறை வலையமைப்புகளை மூடி வருகிறார்கள். இறங்க இடமில்லாத கைபேசியில் அழைப்பே போகாது. ஆஸ்திரேலியாவில் 2024இல் 3ஜியை மூடியபோது, சாதாரண அழைப்பை 4ஜியில் பேசிய சில கைபேசிகள்கூட அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜியை நம்பியிருந்தது தெரிய வந்தது. ஆகவே நிறுவனத்திடம் பேசும்போது, அவசர அழைப்பும் 4ஜியில் போகுமா என்பதைச் சேர்த்தே கேளுங்கள்.