ஒரே குடும்பத்தில் பல தலைமுறைகள் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்ததை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது?

எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறது. சொந்த ஊர் காட்டுமன்னார்கோவில். பழைய வீட்டை இடிப்பதற்கு முன் பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில் தொடங்கிய தேடல் இது. முடிக்க இரண்டு வருடம் ஆயிற்று.

நம் ஊரில் இந்த வேலையைக் கஷ்டமாக்குவது இனிஷியல்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கொள்ளுத்தாத்தாவின் சான்றிதழில் ஊருக்கு ஓர் எழுத்து, தகப்பனுக்கு ஓர் எழுத்து, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம். தாத்தா பட்டத்தையும் ஊர் எழுத்தையும் விட்டுவிட்டார். அப்பாவுக்கு வேறு இனிஷியல், எனக்கு வேறு. நான்கு பேரின் தாளையும் வரிசையாக வைத்தால் நான்கு குடும்பம் என்றுதான் தோன்றும். அதனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். தகப்பன் பெயர், ஊர், பிறந்த தேதி, அங்க அடையாளம் நான்கையும் சேர்த்துப் பாருங்கள். பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும் டி.சி.யிலும் இவை இருக்கும்.

முதலில் கொள்ளுத்தாத்தா. அவர் 1923-இல் இன்டர்மீடியட் (பள்ளி முடித்துப் பட்டப் படிப்புக்கு முன் படிக்கும் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு) தேறியவர். 'அண்ணாமலையில் படித்தார்' என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். தாளில் இருப்பதோ சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர். கொஞ்ச நாள் குழம்பிப் போனேன். அப்புறம்தான் விளங்கியது. அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் 1920-இல் தொடங்கியது மீனாட்சி கல்லூரி. அப்போது அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. 1929-இல்தான் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக ஆனது. அதனால் தாளில் பெயர் வேறாக இருந்தால் உடனே ஒதுக்கிவிடாமல், அந்தக் கல்லூரி அந்த வருடம் யாரோடு இணைந்திருந்தது என்று பாருங்கள். கொள்ளுத்தாத்தாவை நான் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். என் தம்பி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தாத்தா சேர்ந்த வருடத்துக்குக் காகிதமே இல்லை. கறையான் தின்றது போக மிஞ்சியது ஒரு பட்டமளிப்பு விழாப் படம், அங்கி போட்டுக்கொண்டு ஸ்டூடியோவில் எடுத்தது. ஆனால் சிதம்பரம் பேச்சு வந்தாலே, முதல் வருடம் சேர்ந்த கையோடு தமிழிசை மாநாட்டில் பாட்டுக் கேட்டதைச் சொல்லுவார். தெலுங்குக் கீர்த்தனையே பாடிக்கொண்டிருந்த மேடையில் தமிழ்ப் பாட்டு முழங்கியதைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். அண்ணாமலை நகரில் அந்த மாநாடு நடந்தது 1941 ஆகஸ்டில். ஆக அவர் அந்த வருடம்தான் சேர்ந்திருக்க வேண்டும். பெரியவர்களிடம் 'எந்த வருஷம் படிச்சீங்க' என்று கேட்டால் ஞாபகம் இருக்காது. 'அப்போ ஊர்ல என்ன நடந்துச்சு' என்று கேளுங்கள். அதிலிருந்து வருடத்தைப் பிடித்துவிடலாம்.

அப்பா 1969-இல் பி.எஸ்சி. அக்ரி சேர்ந்தார், நான் 1996-இல் பி.இ. எங்கள் இருவருக்கும் தாள் எல்லாம் பத்திரமாக இருந்தது. அம்மாவும் தபால் வழியில் அங்கேதான் பட்டம் வாங்கினார். அண்ணாமலையில் தொலைதூரக் கல்வி 1979-இல் தொடங்கியது. வகுப்பறையில் உட்காராமலே அந்தப் பட்டம் வாங்கியவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள், விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். தாத்தாவின் பெட்டியில், நிலப் பத்திரங்களுக்கு நடுவில், நாலாக மடித்த ஒரு டி.சி. கிடைத்தது. பெண் பெயர். பி.எஸ்சி. பௌதிகம், இரண்டாம் ஆண்டு, படிப்பை இடையில் நிறுத்தியவர். வருடம் 1965. அங்க அடையாளம்: இடது முழங்கையில் மச்சம்.

பெயர் என் பெரிய அத்தையுடையது. ஆனால் அத்தை கல்லூரிக்குப் போனதாக வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. அவர் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். அந்தக் காலத்துப் பத்திரிகையில் பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் அச்சடிப்பார்கள், தேடுகிறவர்களுக்கு அது நல்ல ஆதாரம். தாத்தா பெயருக்குப் பின்னால் பி.ஏ. இருந்தது. மாப்பிள்ளைக்கும் இருந்தது. அத்தை பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

விருத்தாசலத்துக்குப் போய்த் தாளை அவர் கையில் கொடுத்தேன். எழுபத்தொன்பது வயது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். மச்சம் அங்கேயே இருந்தது.

"ஹாஸ்டல்ல இருந்தேன்பா. இந்தி எதிர்ப்பு நடந்துச்சுல்ல, ராஜேந்திரன்னு ஒரு பையனச் சுட்டுட்டாங்க. மறுநாளே அப்பா வந்து பெட்டியத் தூக்குன்னாரு. காலேஜ் தெறந்ததும் அனுப்புவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வைகாசியில கல்யாணம் பண்ணிட்டாங்க."

மாணவர் ராஜேந்திரன் 1965 ஜனவரி 27 அன்று சுடப்பட்டு இறந்தார். பல்கலைக்கழக நுழைவாயிலில் அவர் சிலை நிற்கிறது. நான்கு வருடம் அந்தச் சிலையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனேன். அத்தையின் படிப்பு அந்த வாரத்தோடு நின்றது என்று எனக்குத் தெரியாது. தாத்தாவை நான் மிகவும் நேசித்தவன். மகளுக்கு என்ன ஆகுமோ என்று பயந்துதான் அழைத்து வந்திருப்பார். ஆனாலும் திரும்ப அனுப்பியிருக்க வேண்டும். அவர் அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் நிலப் பத்திரத்தோடு வைத்திருந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் தேடும்போது பட்டம் வாங்கியவர்களை மட்டும் எண்ணாதீர்கள். சேர்ந்து, பாதியில் நின்றவர்களையும் கேளுங்கள், பெண்களை முக்கியமாகக் கேளுங்கள். கல்யாணத்துக்குப் பின் அவர்கள் இனிஷியலும் மாறியிருக்கும் என்பதால் பிறந்த வீட்டு இனிஷியலில் தேட வேண்டும்.

எல்லோரையும் ஒரு தாளில் எழுதி, அத்தை பெயருக்கு எதிரே '1963–65, பௌதிகம்' என்று போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார்.

"பி.யு.சி.யும் அங்கதாம்பா படிச்சேன். அறுபத்திரண்டுன்னு மாத்து."

மாற்றிவிட்டேன்.